வயல் வீட்டிலிருந்து செய்தி அறைக்கும் கணினிக்கும்: சான்றிதழ் முதல் சம்பளம் வரை

மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் கடைமடையில் எங்களுக்கு ஏழு மா (சுமார் 2.3 ஏக்கர்) நிலம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். நாற்றுக்கட்டு சுமந்து, களத்தில் நெல் காயப்போட்டு, வானம் இருட்டினால் தார்ப்பாயை இழுத்து மூட ஓடி வளர்ந்தவன் நான். இப்போது சென்னையில் ஒரு செய்தி நிறுவனத்தில் தரவுச் செய்தியாளராக, அதாவது எண்களையும் அட்டவணைகளையும் வைத்துச் செய்தி எழுதுபவனாக இருக்கிறேன். பாதி நாள் செய்தி எழுதுவேன், மீதி நாள் நிரல் எழுதுவேன்.

இங்கே வந்து சேர எனக்கு ஒன்பது வருடம் ஆனது. அதில் நான்கு வருடம் வீணாகப் போனது. தவறான சான்றிதழால் ஒன்று, சம்பளம் இல்லாத வேலையில் இரண்டு, கணினியைத் தொடப் பயந்ததில் ஒன்று. ஊரிலிருந்து தம்பி தங்கைகள் போன் செய்து கேட்கும்போதெல்லாம் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். பிளஸ் டூ படிப்பவருக்கும், டிகிரி முடித்துவிட்டு ஊரில் நிற்பவருக்கும் இது பயன்படும்.

1. பொங்கலுக்கு முன்பே காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

மே மாதம் ரிசல்ட் வந்த பிறகுதான் எல்லோரும் இ-சேவை மையத்துக்கு ஓடுகிறார்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று மேலே போக வேண்டும். அந்த மாதத்தில் எங்காவது ஒரு மேசையில் நின்றுவிடும். தை மாதத்தில் பயிர்ச்சேதக் கணக்கெடுப்பு வந்துவிட்டால் கிராம நிர்வாக அலுவலரைப் பிடிப்பதே கஷ்டம். அதனால் கார்த்திகை, மார்கழியிலேயே தொடங்குங்கள்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும். இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். வருமானச் சான்றிதழ் மட்டும் பழையது செல்லாது. அதைச் சேர்க்கை நேரத்துக்குச் சற்று முன்பு புதிதாக வாங்குங்கள்.

முதலில் பெயரைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருக்கும் பெயர்தான் எல்லாவற்றுக்கும் மூலம். அதில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை என்றால் உதவித்தொகை வரும்போது பணம் கணக்கில் ஏறாது. ஆதாரை மதிப்பெண் சான்றிதழுக்கு ஏற்றபடி திருத்துங்கள். வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்துவிட்டீர்களா என்று கிளையில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் ஒரு வருடம் இழந்தது அடுத்த காகிதத்தில். தமிழ்நாடு அரசு தரும் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மாநிலக் கல்லூரிகளுக்குத்தான் செல்லும். மத்தியப் பல்கலைக்கழகத்திலும் மத்திய அரசு நிறுவனத்திலும் இட ஒதுக்கீடு கேட்டால் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) சான்றிதழ் என்று தனியாக ஒன்று வேண்டும். அதையும் இ-சேவை வழியாகவே விண்ணப்பித்து தாசில்தாரிடம் வாங்க வேண்டும். பெரும்பாலும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். நான் மாநிலச் சான்றிதழோடு சேர்க்கைக்குப் போய் நின்றேன். பொதுப் பிரிவுக்கு மாற்றினார்கள், அந்த மதிப்பெண்ணுக்கு இடம் இல்லை. அப்பா அன்று என்னோடு வந்திருந்தார். திரும்பி வரும் பேருந்தில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இதிலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓபிசி வருமான வரம்பு வருடத்துக்கு 8 லட்சம். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. நெல் விற்ற பணத்தையும் சேர்த்து எழுதிவிட்டு "நமக்குக் கிடைக்காது" என்று விலகிய குடும்பங்களை எனக்குத் தெரியும். படிவத்தில் விவசாய வருமானத்தைத் தனியாகக் காட்டுங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழையும் எல்லோரும் வாங்கச் சொல்வார்கள். அந்தச் சலுகை பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கலந்தாய்வு வழியாகச் சேர்பவருக்கானது. வீட்டில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். நீங்கள் கலைக் கல்லூரியில் இதழியல் படிக்கப் போகிறீர்கள், தம்பி பொறியியல் போவான் என்றால் யாருக்கு எடுப்பது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

விவசாயக் குடும்பத்துக்கு மட்டும் உரியது உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் உறுப்பினர் அட்டை. நன்செய் 2.5 ஏக்கர் அல்லது புன்செய் 5 ஏக்கருக்கு உட்பட்ட சிறு குறு விவசாயிகளும், விவசாயத் தொழிலாளர்களும் உறுப்பினர் ஆகலாம். உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. பல வீடுகளில் இது தடைபடும் இடம் பட்டா. நிலத்தை உழுவது அப்பா, பட்டா இன்னும் தாத்தா பெயரில். பட்டா மாறுதலுக்கு மாதக்கணக்கில் ஆகும். பதினொன்றாம் வகுப்பிலேயே வீட்டில் பேச்சை எடுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் இருக்கின்றன. பெண்களுக்குப் புதுமைப் பெண் (2022 முதல்), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 முதல்). கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரமே அலுவலகத்தில் கேட்டு, அந்த வருட நடைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. படிப்பைத் தேர்ந்தெடுப்பது

செய்தியாளராக இதழியல் பட்டம் கட்டாயம் இல்லை. பொருளாதாரம், புள்ளியியல், வேளாண்மை படித்துவிட்டு வந்தவர்கள் என் பக்கத்து மேசைகளில் இருக்கிறார்கள். அரசுக் கல்லூரியில் கிடைக்கும் நல்ல பட்டம் ஒன்றை முதலில் முடியுங்கள். தனியார் கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேர கடன் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேமரா, ஸ்டுடியோ என்று காட்டுவார்கள். மூன்று வருடத்தில் ஒரு செய்தி எழுதாமல் வெளியே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், பாரதியார், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களில் இதழியல், தொடர்பியல் துறைகள் உண்டு. திருவாரூர் நீலக்குடியில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் ஊடகத் துறை இருக்கிறது. டெல்டாப் பிள்ளைகள் பலருக்கு அது தெரிவதே இல்லை. அங்கே சேர க்யூட் (CUET) என்ற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முதுகலைக்கான விண்ணப்பம் நீங்கள் கடைசி வருடம் படித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். சம்பா அறுவடை வேலையில் தேதியை விட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரியில் ஒரு வருட டிப்ளமோ உண்டு. கட்டணம் லட்சங்களில். உதவித்தொகையும் தருகிறார்கள், விண்ணப்பிக்கும்போதே அதைக் கேளுங்கள்.

கல்விக் கடன் என்றால் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் பொது விதி. ஆனால் அப்பாவும் கடனில் கையெழுத்துப் போடுவார். அவருடைய பயிர்க்கடன் அல்லது நகைக்கடன் தவணை தாண்டி நின்றால் அந்தக் கோப்பு அங்கேயே படுத்துவிடும். விண்ணப்பிக்கும் முன் அதைப் புதுப்பித்து வையுங்கள்.

3. உங்கள் வயல் கணக்கை எண்ணாக மாற்றப் பழகுங்கள்

ஊரிலிருந்து வருபவர்கள் செய்தி அறைக்குள் நுழைந்ததும் வயலை மறைக்கப் பார்க்கிறார்கள். நானும் மறைத்தேன். உங்களிடம் இருப்பதில் அதிக விலை போகும் சரக்கு அதுதான்.

ஒரு முறை நெல் மகசூல் பற்றிய செய்தி ஒன்று என் மேசைக்குத் திருத்த வந்தது. ஏக்கருக்கு 30 மூட்டை என்று விவசாயி சொல்லியிருந்தார். எழுதியவர் மூட்டைக்கு 40 கிலோ வைத்துப் பெருக்கி 1,200 கிலோ என்று போட்டிருந்தார். 40 கிலோ என்பது அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் சிப்பம். எங்கள் பக்கம் விவசாயி வாயில் மூட்டை என்றால் 60 கிலோ. உண்மையான மகசூல் 1,800 கிலோ. மூன்றில் ஒரு பங்கு நெல் காகிதத்திலேயே காணாமல் போயிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை, களத்தில் நின்ற பழக்கம் போதுமாக இருந்தது.

இப்படிச் சறுக்கும் இடங்கள் நிறைய உண்டு. நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மா சுமார் 33 சென்ட், 20 மா ஒரு வேலி. அரசு அறிக்கை ஹெக்டேரில் பேசும், ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். பல அட்டவணைகள் நெல்லை அரிசிக் கணக்கில் தரும். நெல்லை அரிசியாக்கினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தேறும், ஆகவே நெல்லையும் அரிசியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் விளைச்சல் சரிந்தது போலத் தெரியும். கிராமக் கணக்கு பசலி ஆண்டில் ஓடும், ஜூலை முதல் ஜூன் வரை. பசலி 1434 என்றால் 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூன் வரை. கொள்முதல் பருவக் கணக்கு வேறொரு மாதத்தில் தொடங்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடாதீர்கள்.

இதற்குப் பயிற்சி ஊரிலேயே கிடைக்கும். உங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்துக்குப் போங்கள். ஒரு நோட்டில் கட்டம் போட்டு விவசாயி, கொண்டுவந்த நாள், எடை போட்ட நாள், சிப்பம் எத்தனை, ஈரப்பதம் எத்தனை என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், தளர்வு அறிவித்தால் தவிர. ஒரு தையில் நான் பதினெட்டு நாள் அப்படி உட்கார்ந்தேன். "நெல் நனைந்தது, விவசாயிகள் கண்ணீர்" என்று வருடா வருடம் வரும் செய்தியை அந்த நோட்டு மாற்றியது. யார் எத்தனை இரவு களத்தில் காவல் கிடந்தார், மழை எந்த நாளில் வந்தது, சாக்கு எந்த நாளில் தீர்ந்தது என்று சொல்ல முடிந்தது. எனக்கு வேலை வாங்கித் தந்தது அந்த அட்டவணைதான்.

4. தொழில்நுட்பம்: இந்த வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள்

முதலில் தட்டச்சு. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்து இடக்கைக்கும் மெய்யெழுத்து வலக்கைக்கும் வரும். தினம் முக்கால் மணி நேரம் என்று மூன்று வாரம் பழகினால் போதும். செலவு எதுவும் இல்லை.

அடுத்தது எழுத்துருச் சிக்கல். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அரசு அலுவலகங்களில் பழைய ஆவணங்கள் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கொட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பைத்தான் என்ற நிரல் மொழியில் ஓப்பன்-தமிழ் என்ற தொகுப்பிலும் அந்த வசதி உண்டு. வெறும் ஸ்கேன் படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறங்கள், தமிழைப் படித்து எழுத்தாக்கித் தரும். எண்களை மட்டும் ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிடுங்கள். 3-ஐ 8 என்று படித்துவிடும்.

மூன்றாவது கூகுள் ஷீட்ஸ். வடிகட்டுதல், கூட்டுத்தொகை, பிவோட் அட்டவணை (வகைவாரியாகத் தொகுத்துக் காட்டுவது) இந்த மூன்றும் தெரிந்தால் செய்தி அறையில் வரும் தரவு வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். அப்புறம் விளக்கப்படத்துக்கு (சார்ட்) டேட்டாராப்பர், நில வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ். டேட்டாராப்பரில் இலவசக் கணக்கு போதும், கியூஜிஐஎஸ் முழுக்க இலவசம். இத்தனைக்கும் பிறகுதான் பைத்தான். நான் தலைகீழாக, பைத்தானில் தொடங்கி மூன்றாவது வாரம் விட்டேன். திரும்ப ஒரு வருடம் தொடவே இல்லை.

சான்றிதழ் வேண்டும் என்றால் ஐஐடிகள் இணையத்தில் தரும் என்பிடெல் (NPTEL) பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். முறையாகப் பட்டமே வேண்டும் என்றால் சென்னை ஐஐடி இணையவழியில் தரும் தரவு அறிவியல் பிஎஸ் படிப்பைப் பாருங்கள். ஜேஇஇ தேவையில்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் குறைவு. நான்கு வாரப் பாடம் நடத்தி, தகுதித் தேர்வு வைத்துச் சேர்ப்பார்கள். ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று முறை தொடங்கும். பாடக் கட்டணத்தில் சாதி, வருமானத்தைப் பொறுத்துச் சலுகை உண்டு. முதல் படியில் வாங்கிய அதே சான்றிதழ்கள் இங்கே உதவும். பாடம் வீட்டிலிருந்து, தேர்வு மட்டும் நேரில்.

மடிக்கணினி புதிதாக வாங்க வேண்டாம். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள பழையது போதும். என்னுடையது 17,000 ரூபாய்க்கு வாங்கியது, லினக்ஸ் போட்டு ஐந்து வருடம் ஓடியது. இஎம்ஐ போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

5. தகவல் உரிமை மனு எழுதத் தெரிந்துகொள்ளுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) 2005-ல் வந்தது. கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகம் என்றால் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டலாம். மத்திய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது, அஞ்சல் ஆணை (போஸ்டல் ஆர்டர்) வைக்க வேண்டும். இதைத் தவறாகச் செய்தே பல மனுக்கள் திரும்புகின்றன. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

"ஏன் வாங்கவில்லை?" என்று காரணம் கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள். "இந்த நேரடிக் கொள்முதல் நிலையம் கடந்த ஐந்து பருவங்களில் திறந்த நாள், மூடிய நாள், நாள்வாரியாக வாங்கிய சிப்பங்கள் அடங்கிய பதிவேட்டின் நகல்" என்று எழுதினால் தப்பிக்க இடம் இருக்காது. ஒரு மனுவில் ஒரே பொருள் இருக்கட்டும். விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) பதிவு செய்து, ஒப்புகையோடு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள். நான் முதல் மேல்முறையீட்டுத் தேதியை நான்கு நாள் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

6. முதல் செய்திகளை எங்கே கொடுப்பது, எங்கே கொடுக்கக் கூடாது

கல்லூரியில் இருக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். அது கல்லூரி மாணவர்களுக்கானது, படிப்பு முடிந்தால் வாய்ப்பு போய்விடும். கிராமத்தைப் பற்றி ஆழமாக எழுத வேண்டும் என்றால் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி (PARI) இணையதளம் இருக்கிறது. தமிழிலும் வெளியிடுகிறார்கள், மாணவர்கள் எழுதியதையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி எச்சரிக்கை. தாலுகா நிருபர் வேலை என்று கூப்பிடுவார்கள். நான் இரண்டு வருடம் பார்த்தேன். மாதச் சம்பளம் கிடையாது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன். யாரைப் பற்றிச் செய்தி எழுத வேண்டுமோ அவரிடமே விளம்பரம் கேட்டு நிற்க வேண்டி வரும். அப்படி நின்ற பிறகு அவரைப் பற்றி எழுத முடியாது. என்னால் முடியவில்லை. சேரும் முன் நியமனக் கடிதமும் மாதத் தொகையும் எழுத்தில் கேளுங்கள், "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றால் வந்துவிடுங்கள்.

ஐயாயிரம் பத்தாயிரத்துக்குப் பிரஸ் கார்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அது வெறும் அட்டை. அரசு அங்கீகார அட்டை செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக, நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பரிந்துரையில் வருவது. காசு கொடுத்து வாங்கிய கார்டை வைத்து வண்டியில் பிரஸ் என்று ஒட்டினால் நாளை உங்கள் பெயரில் வழக்குதான் வரும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நான்கு பக்க சுயவிவரம் வேண்டாம். ஒரு பக்கம் போதும். அதில் நீங்கள் எழுதிய மூன்று செய்திகள், அவற்றுக்குப் பயன்படுத்திய அட்டவணை, நிரல் எழுதியிருந்தால் அதைச் சேமித்து வைத்த கிட்ஹப் இணையக் கணக்கு. "பெற்றோர்: விவசாயம்" என்று கடைசி வரியில் ஒதுக்கிப் போடாதீர்கள். "காவிரி டெல்டா பாசனம், நெல் கொள்முதல், பயிர்க் காப்பீடு: நேரடி அனுபவம்" என்று மேலேயே எழுதுங்கள். என்னை நேர்காணல் செய்தவர் நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் அந்த வரியைப் பற்றித்தான் கேட்டார்.

7. சென்னைக்கு வரும்போது கையில் எவ்வளவு வேண்டும்

எனக்கு முதல் ஆறு மாதம் பயிற்சிக் காலம், மாதம் 14,000 ரூபாய். திருவல்லிக்கேணியில் மூன்று பேர் சேர்ந்த மேன்ஷன் அறை, என் பங்கு 4,000. சாப்பாடு 5,000 வரை. பேருந்துக்கும் ரயிலுக்கும் 1,200. மீதியில் வீட்டுக்கு அனுப்பக் கொஞ்சம். இதெல்லாம் சில வருடத்துக்கு முந்தைய விலை, கூட்டியே கணக்குப் போடுங்கள்.

அப்பா அம்மாவிடம் ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுங்கள். சேர்ந்த மாதம் சம்பளம் வராமல் போகலாம். மாத நடுவில் சேர்ந்தால் அடுத்த மாதக் கடைசியில் சேர்த்துத்தான் போடுவார்கள். ஆகவே இரண்டரை மாதச் செலவு, அறை அட்வான்ஸோடு சேர்த்து 35,000 ரூபாயாவது கையில் இருக்க வேண்டும். நான் 9,000 ரூபாயோடு வந்து, மூன்றாவது வாரம் அம்மாவின் தோட்டை அடகு வைக்கச் சொன்னேன். சேரும் தேதியைத் தள்ளிக் கேட்க முடியும், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். நெல் விற்ற பணம் அப்பா கணக்கில் ஏறிய பிறகு வருவதாக ஒரு தேதி சொல்லுங்கள்.